நான்காம் குழியின் சூடு

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு மறுநாள் யாருக்கு விடிந்தாலும் எனக்கு விடியக் கூடாது. தெரு முழுக்க வெடிக் காகிதம். பேட்டரி வண்டி ஏழு நடை அடித்தது. அந்தக் காகிதத்தில் மருந்து இருக்கிறது, மக்கும் குப்பையில் போடாதீர்கள் என்று தொண்டை கிழியச் சொல்லியும் பச்சை வாளியில்தான் அமுக்கி வைத்திருக்கிறார்கள். கொட்டகையில் உட்கார்ந்து மதியம்வரை பொறுக்கினேன்.

ஆலங்கரிசல் ஊராட்சிக் குப்பைக் கொட்டகை நாலு வருஷமாக என் பொறுப்பு. ஆறு உரக்குழி. காய்கறிக் கழிவு, சாணி, கோழிப்பண்ணைக் கழிவு எல்லாவற்றையும் அடுக்கி, வாரம் ஒரு தடவை புரட்டிப் போட்டால் எழுபது நாளில் உரமாகும். கையை உள்ளே விட்டால் குளிர்ந்திருக்க வேண்டும், மண்வாசம் வர வேண்டும். அதுதான் பதம். எந்தக் குழி எந்தத் தேதியில் நிரப்பியது என்று பலகையில் எழுதி மாட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் தலைவரம்மா தமயந்தி வந்தார். கண்மாய்க்கரையில் மரம் நடுவது டிசம்பர் முதல் தேதி என்று இருந்தது. பெரிய அதிகாரி வருவதால் இந்த வெள்ளிக்கிழமையே நட வேண்டுமாம். தொண்ணூற்றாறு கன்றுக்கு உரம் வேண்டும். மூன்றாம் குழி உரம் முப்பது கன்றுக்குத்தான் வரும். நான்காம் குழி தயாரா குருவக்கா என்று கேட்டார். தயார் என்றேன்.

பிரசவத்துக்கு வந்திருக்கிற மகள் முனீஸுக்குக் கால் வீக்கம் இன்று பரவாயில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

நடவு நன்றாக நடந்தது. அதிகாரி இருபது நிமிஷம் இருந்தார், ஒரு கன்று நட்டார், இளநீர் குடித்தார், போய்விட்டார். மீதி தொண்ணூற்றைந்தையும் ஊர்தான் நட்டது.

போன வருஷம் வைத்த கன்று அத்தனையும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் செத்தது. அதனால் இந்த முறை நான்தான் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். வீட்டுக்கு ஒரு கன்று, அந்த வீட்டில் யார் நல்லபடியாக இருக்க வேண்டுமோ அவர் பெயரைத் தகரப் பலகையில் எழுதி நட்டுவிடுவது. அப்புறம் தண்ணீர் ஊற்றாமல் எங்கே போவார்கள்? எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கோப்பம்மாள் மதினி தன் வீட்டுக்காரர் சங்கரபாண்டி அண்ணன் பெயரில் இலுப்பை வைத்தார். அண்ணன் சிறுநீரகக் கோளாறில் மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மதினி காலையில் பஸ் பிடித்து வந்து, நட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். நாங்கள் சொந்தமில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் எனக்குச் சோறு போட்டவர் அவர்தான்.

முனீஸ் நாவல் வைத்தாள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் எழுதக் கூடாது என்று அவள் பெயரையே எழுதினோம். இரண்டு தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்து, இது மூன்றாவது. எட்டாம் மாதம் முடியப் போகிறது. குழிக்கு முன்னால் குனிய முடியாமல் உட்கார்ந்து கையால் மண் தள்ளினாள். நானும் பக்கத்திலேயே இருந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை ஏமாற்றுகிறது. கரையில் சில கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டிருக்கின்றன. வெயில்தான் காரணம்.

அக்டோபர் 31, வெள்ளி

இலை நுனி கருகுகிறது. வாடினால் இப்படிக் கருகாது. மதினியுடைய இலுப்பையும் எங்கள் நாவலும்தான் ரொம்ப மோசம். கிழக்குக் கோடியில் இருக்கிற கன்றுகளுக்கு ஒன்றுமில்லை.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. சங்கரபாண்டி மரம் பட்டுப் போச்சே, அவருக்கு எப்படி இருக்காம் என்று ஒருத்தி கேட்டாள். மரத்துக்கும் மனுஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று எரிந்து விழுந்தேன். தண்ணீர் ஊற்ற ஆளில்லை, வாடுகிறது, அவ்வளவுதான் என்றேன்.

அப்படிச் சொன்னதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து மதினிக்குப் போன் போட்டேன். மதினி, மரம் காயுது, உங்க வீட்டில தண்ணி ஊத்த ஆளில்ல, ஊரே ஒரு மாதிரிப் பேசுது என்றேன். அவர் பெயர் எழுதின மரமாச்சே என்றார். நாளைக்கு வாரேன் என்றார். அண்ணனுக்குத் துணையாக அவருடைய தம்பி மகன் இருக்கிறானாம்.

நவம்பர் 2, ஞாயிறு

மதினி நேற்றே வந்துவிட்டார். காலையில் ஆறு குடம், சாயங்காலம் ஆறு குடம். தலைச் சும்மாட்டை எடுக்காமல் நடக்கிறார். இலுப்பையில் நாலு இலைதான் மிச்சம். ஒரு இலை உதிர்ந்தால் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்கிறார். போகணும் குருவம்மா, ஆனா இதை இப்படி விட்டுட்டு எப்படிப் போவேன் என்றார். ஊத்துங்க மதினி, தேறிரும் என்றேன்.

முனீஸ் சரியாகச் சாப்பிடவில்லை. கரைக்குப் போக வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. போய்த் தன் கன்றைப் பார்த்துவிட்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். வயிற்றின் மேல் ஒரு கை வைத்தபடியே இருக்கிறாள். பிள்ளை அசைகிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சோறு இறங்கவில்லை என்றால் பிள்ளைக்கு எப்படிச் சத்து போகும்?

ஒன்று செய்தேன். விடியும் முன்னே எழுந்து நாற்றங்காலில் அதே உயரத்தில் ஒரு நாவல் எடுத்து, கரையில் இருந்ததைப் பிடுங்கிவிட்டு அங்கே வைத்தேன். பிடுங்கிய கன்றின் வேர் கறுத்து நூலாக இருந்தது. குழியிலிருந்து வந்த காற்றில் கண் எரிந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

சங்கரபாண்டி அண்ணன் காலை பதினொரு மணிக்கு மதுரையில் இறந்துவிட்டார். போன் வந்தபோது மதினி கண்மாய்க்கரையில் குடத்தோடு நின்றார்.

நவம்பர் 6, வியாழன்

சாம்பலைக் கரைத்துக் காடாற்று முடிந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டு வந்தேன்.

ஊர் பயந்து கிடக்கிறது. நேற்று மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் பெயர்ப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை கூடிப் போச்சு என்று ஒருவர், பையன் வண்டியிலிருந்து விழுந்துவிட்டான் என்று ஒருவர். எல்லாவற்றுக்கும் மரம்தான் காரணமாம். குப்பையைக் கொட்டி வளர்த்த மரம், ஊர் அழுக்கெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கிறது என்கிறார்கள். இன்று விசில் ஊதிக்கொண்டு போனேன். நாற்பது வீட்டில் வாளி வெளியே வரவில்லை. ஒரு வீட்டில் என் வண்டியைக் கண்டதும் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். நாலு வருஷமாக அந்தப் பிள்ளைக்கு நான்தான் விசில் கொடுத்து ஊதவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை முன்னால் கூட்டம். மரம் அத்தனையும் பிடுங்கி எரிக்க வேண்டும், கொட்டகையையும் மூட வேண்டும் என்று பேச்சு. கொட்டகையை மூடினால் குப்பை பழையபடி கண்மாய்க்குள்தான் போகும். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தண்ணீரில் மாடுகூட வாய் வைக்காது.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரும் இல்லாத நேரத்தில் நான்காம் குழியில் முழங்கைவரை கைவிட்டுப் பார்த்தேன். சூடு. இன்னும் சூடு. அந்தக் குழி செப்டம்பர் இருபதில் நிரப்பியது. நடவன்று அதற்கு முப்பத்துநாலு நாள்தான். போதாததற்கு அந்தத் தடவை பண்ணையிலிருந்து வந்த கோழிக் கழிவு ரொம்ப அதிகம், பச்சையாக வேறு இருந்தது. பலகையில் ஆகஸ்ட் என்று இருக்கிறது. அது என் கையெழுத்து. நடவுக்கு முந்தின நாள் நான்தான் மாற்றி எழுதினேன். எனக்கு அப்போதே தெரியும்.

நவம்பர் 8, சனி

முனீஸைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். எடை ஏறவில்லை. நர்சம்மா என்னைத் திட்டினார். பிள்ளைத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது முனீஸ் என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

வரும் வழியில் கண்மாய்க்கரையில் நிற்கச் சொன்னாள். நான் மாற்றி வைத்த நாவலும் கருகத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அம்மா, இது நான் வச்ச கன்னு இல்ல."

நான் கன்றின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் வச்சதுல அடியில ஒரு கொப்பு ஒடிஞ்சிருந்துச்சு. இதுல ஒடியல. அஞ்சாறு நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீயே பயந்து போய் இருந்த, நான் வேற எதுக்குச் சொல்லணும் என்றாள். எனக்காகத்தான் தினமும் போய் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். நான் அவளை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கரையின் கிழக்குக் கோடியைக் கை காட்டினாள்.

"அந்த முப்பது மட்டும் எப்படிம்மா தளதளன்னு நிக்குது? அந்தக் குழியில என்ன போட்ட, இந்தக் குழியில என்ன போட்ட?"

வெடித்து அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மற்ற கன்றுக்கெல்லாம் ஒரு கூடை போட்டேன். முனீஸுடைய கன்றுக்கும் அண்ணனுடைய கன்றுக்கும் மட்டும் யாருக்கும் தெரியாமல் மூன்று கூடை போட்டேன். கோழி எரு கூடுதல், சத்து அதிகம், இந்த இரண்டும் முதலில் எழும்பட்டும் என்றுதான் போட்டேன். சூடு இருந்தது தெரியும். மண்ணோடு சேர்ந்தால் தணிந்துவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இதை டைரியில்கூட எழுதாமல் வைத்திருந்தேன் பார், என்ன ஜென்மம் நான்.

முனீஸ் திட்டவில்லை. பசிக்குதும்மா என்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். மரத்துக்கு ஒரு தோஷமும் இல்லை, நான் வேகாத உரத்தைப் போட்டேன், பலகையில் தேதியை மாற்றினேன் என்றேன். அப்புறம் பேசினார்கள். அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. வேலையை விட்டு அனுப்பு என்றது மட்டும்தான் அதில் மரியாதையான பேச்சு. தலைவரம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவசரப்படுத்தியது நான்தானே என்றார். அவர் அதைச் சொன்னதற்கு நான் சாகும்வரை கடமைப்பட்டிருக்கிறேன்.

பாதிப் பேர் நம்பவில்லை. மரத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றார்கள். வாங்க, வந்து நீங்களே கையை விட்டுப் பாருங்க என்றேன். ஊரே கொட்டகைக்கு வந்தது. நாலு வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனவர்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் மூன்றாம் குழியில் மிச்சமிருந்த உரத்தில் கை, அப்புறம் நான்காம் குழியில். மூன்றாவது குளிர்ந்திருந்தது. நான்காவதில் விட்ட கையை எல்லாரும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். பையன் வண்டியிலிருந்து விழுந்தான் என்றவர் இரண்டு தடவை விட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைக் கண்ணால் கண்டேன்.

கடைசியாக மதினி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கூட்டம் விலகி வழி விட்டது. நான்காம் குழியில் கைவிட்டார். மற்றவர்கள் மாதிரி இழுத்துக்கொள்ளவில்லை, அப்படியே வைத்திருந்தார். அப்புறம் கையைக் கழுவாமல் வீட்டுக்குப் போனார்.

நவம்பர் 12, புதன்

மூன்று நாளாகக் கரையில் வேலை. கெட்ட குழிகளைத் தோண்டி, நான் போட்ட உரத்தை அள்ளி, கண்மாய் வண்டலை நிரப்பி, திரும்ப நடுகிறோம். திட்டிக்கொண்டேதான் வருகிறார்கள், ஆனால் வருகிறார்கள். பெயர்ப் பலகை இனி கிடையாது என்று முடிவு. ஆனாலும் எது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். முனீஸுக்கு மூன்றாவது நாவல் வைத்தாயிற்று.

அண்ணன் பலகை மட்டும் இன்னும் நிற்கிறது. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. என் வேலையைப் பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வார்களாம். போனால் போகட்டும். மதினியைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

இன்று பார்த்தேன். அந்தக் காய்ந்த குச்சிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடலாம் என்று இருந்தது. அவர் நிமிராமலே பேசினார்.

"நீ போன் போடலேன்னா நான் அவர்கிட்டதான் இருந்திருப்பேன், குருவம்மா."

"ஆமா மதினி."

"தண்ணி கேட்டிருக்கார். உங்க பெரியம்மா எங்கன்னு அந்தப் பயகிட்ட கேட்டிருக்கார். உங்க மரத்துக்குத் தண்ணி ஊத்தப் போயிருக்குன்னு சொல்லியிருக்கான். அதுக்குச் சிரிச்சாராம்."

காலில் விழப் போனேன். எந்திரி, சேலையெல்லாம் சேறாகுது என்றார். குடத்தை என்னிடம் கொடுத்து, மீதியை நீ ஊத்து என்று சொல்லிவிட்டுப் போனார். ஊற்றினேன். தண்ணீர் முழுக்க உள்ளே போகிறவரை நின்றேன்.

நவம்பர் 17, திங்கள்

முனீஸுக்கு மத்தியானத்திலிருந்து இடுப்பு வலி. நாள் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. வண்டிக்குச் சொல்லியாயிற்று. பையில் டைரியையும் போட்டுக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை. கடவுளே.

நவம்பர் 18, செவ்வாய்

தாலுகா ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு முனீஸைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். மருமகன் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தலைவரம்மா போன். கொட்டகைச் சாவி எங்கே என்று கேட்டார். எதற்கு என்றேன். யாரோ கரை வேலியின் முள்படலைத் திறந்து போட்டுவிட்டார்கள், ஆடு புகுந்து நாலு கன்றை மேய்ந்துவிட்டது, கம்பிக் கூண்டு எடுக்க வேண்டும் என்றார். எந்த நாலு என்று கேட்டேன். அவர் தயங்கினார். அந்தத் தயக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களதும்தான் அக்கா, அடியோட போச்சு, விரல் நீளம்தான் நிக்குது, நீங்க அதை நினைக்காதீங்க என்றார்.

நினைக்காமல் எப்படி இருப்பது? மரத்துக்கும் மனுஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று ஊருக்கே கத்திய வாய் இது. உரத்தின் சூடுதான் காரணம் என்று ஊரையே கைவிட்டுப் பார்க்க வைத்தவள் நான். எல்லாம் தெரிந்தும் அந்த விரல் நீளக் குச்சிதான் கண்ணில் நின்றது. உள்ளே முனீஸ் கத்துகிறாள். பத்து நாற்பதுக்கு மினிபஸ். முக்கால் மணி நேரத்தில் ஊர். ஒரு கன்றை வைத்து, ஒரு குடம் ஊற்றிவிட்டு ஒரு மணிக்குள் திரும்பிவிடலாம். இப்படி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். ஒரு கால் படியில் இருந்தது. போன் அடித்தது. மதினி.

"குருவம்மா, இப்பதான் கரைக்குப் போயிட்டு வாரேன். உன் நாவக்கன்னு நல்லா இருக்கு. ரெண்டு எலை புதுசா விட்டிருக்கு. நான் தண்ணி ஊத்திட்டேன். நீ அங்கேயே இரு. பிள்ளையை விட்டு அங்க இங்க அசையாத."

மதினிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் குரல் ஒரு சுற்றுப் பெரிதாகிவிடும். இப்போதும் பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

சரி மதினி என்றேன். ஏறுறீங்களா இல்லையா என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்று இறங்கினேன். வெயிலில் ஓடினேன். நாற்பத்தெட்டு வயதில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

வராந்தாவுக்குள் நுழையும்போது நர்ஸ் வெளியே வந்து சத்தமாகக் கேட்டார், முனீஸ்வரி கூட வந்தவங்க யாரு என்று. நான்தான் என்றேன். மூச்சு வாங்கியதில் அது எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

பெண் பிள்ளை. இரண்டு கிலோ அறுநூறு. துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். எனக்குப் பயம் போகவில்லை. துணிக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. முனீஸ் கண்ணை மூடியபடி, எங்கம்மா போன, கூப்பிட்டேனே என்றாள். எங்கேயும் போகலடி என்றேன்.

பிள்ளையை அவள் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு மதினிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே, அங்கதான இருக்க என்று கேட்டார்.

"இங்கதான் இருக்கேன் மதினி" என்றேன்.